சட்டம் கற்பித்தவர் சாத்திய கதவு

கண்டனூர்த் தெருக்களிலே நடப்போரின் கண்ணை முதலில் கவர்வது அவ்வூரின் வீடுகள். ஒரு தெருவில் தலைவாசல், மறு தெருவில் பின்வாசல்! பர்மாத் தேக்கில் தூண்கள், பார்ப்போர் முகம் காட்டும் பளிங்குத் தரை! ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கியில் பாய் விரித்துப் பெட்டகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வட்டிக் கணக்கு எழுதியோர் ஈட்டிய பொருளெல்லாம் இங்கே சுவராய், தூணாய், சுற்றுக்கட்டாய் நிற்கிறது.

அவ்வூர்ப் படிப்பகத்தில் நண்பர்கள் சிலருடன் ஒரு மாலை அளவளாவிக் கொண்டிருந்தோம். பேச்சு சிங்கப்பூர்ப் பக்கம் திரும்பிற்று. முதியவர் ஒருவர் முகம் மலர்ந்து கூறினார்: “எங்கள் அப்பச்சி அந்தச் சீமைக்குப் போனது கணக்கெழுத, தம்பி! இப்போது நம்மவர் அந்த நாட்டுக்கே சட்டம் எழுதும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஜெயகுமார் என்று ஒருவர். சட்டப் பேராசிரியர்! துணைப் பிரதமராகவே இருந்தார்!” கூடியிருந்த இளைஞர்கள் கைதட்டினர்.

நாம் தட்டவில்லை.

பொறாமையா? இல்லை. தமிழன் உயர்ந்தால் நமக்குக் கசக்குமா? இல்லை, இல்லை! ஆயின், ‘நம்மவர் உயர்ந்தார்’ என்பதோடு நின்றுவிடும் மகிழ்ச்சி, ‘எம் குலத்தவர் உயர்ந்தார்’ என்று கூத்தாடும் சாதிப் பெருமையின் தம்பிதான். எந்த இடத்துக்கு உயர்ந்தார் என்று கேட்பது பாதிக் கேள்வி. உயர்ந்த இடத்தில் அமர்ந்து என்ன செய்தார் என்று கேட்பதே முழுக் கேள்வி. பகுத்தறிவுப் பாசறையிலே வளர்ந்தவர்கள் பாதிக் கேள்வியோடு படுத்துறங்கலாமா?

எனவே கேட்போம். கேட்டுப் பார்ப்போம்.

சண்முகம் ஜெயகுமார் 1939இல் சிங்கப்பூரில் பிறந்தவர். அந்நாட்டுப் பல்கலைக் கழகத்தில் சட்டம் பயின்று 1963இல் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்தில் மேற்பட்டம் பெற்றார். தாம் பயின்ற சட்டத் துறையிலேயே ஆசிரியரானார். அரசியல் சட்டமும் அனைத்துலகச் சட்டமும் அவருடைய துறைகள். மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் அரசியல் சட்டத் தீர்ப்புகளைத் திரட்டி, மாணவர் பயன்பெற 1971இல் நூலாக்கித் தந்தார். 1971 முதல் 1974 வரை ஐக்கிய நாடுகள் மன்றத்தில் தம் நாட்டின் பிரதிநிதி. 1974 முதல் 1980 வரை சட்டத் துறையின் தலைவர். 1980இல் நாடாளுமன்றம் புகுந்தார். 1985 முதல் 1994 வரை உள்துறை அமைச்சர். 1988 முதல் 2008 வரை, இருபது ஆண்டுகள், சட்ட அமைச்சர். இடையிலே பத்தாண்டு வெளியுறவு அமைச்சர். 2004 முதல் 2009 வரை துணைப் பிரதமர். பெட்ரா பிராங்கா என்னும் சிறு பாறைத் தீவு யாருக்கு என்று மலேசியாவுடன் எழுந்த வழக்கில், அனைத்துலக நீதிமன்றத்தில் தம் அரசுக்காக வாதிட்டோர் வரிசையிலும் நின்றார். 2008 மே திங்களில் வந்த தீர்ப்பு சிங்கப்பூருக்குச் சாதகமாயிற்று.

குறை சொல்ல என்ன இருக்கிறது? புலமை உண்டு, உழைப்பு உண்டு, திறமை உண்டு. மறுக்கவில்லை நாம். மறைக்கவும் மாட்டோம். திறமையற்றவரைப் பற்றி ஏடு எழுதித் தாளை வீணாக்குவானேன்? திறமை மிக்கவர் அந்தத் திறமையை யாருக்கு அளித்தார் என்பதே நாம் தொடுக்கும் வழக்கு.

1987 மே 21. பொழுது புலரும் முன்னே சிங்கப்பூரில் காவலர்கள் பல வீட்டுக் கதவுகளைத் தட்டினர். பதினாறு பேர் கைது. அடுத்த திங்களில் மேலும் அறுவர். ஆக இருபத்திருவர். வழக்கறிஞர்கள், மாதா கோயில் தொண்டர்கள், நாடகக் கலைஞர்கள், சமூக ஊழியர்கள். குற்றச்சாட்டு? அரசைக் கவிழ்க்க மார்க்சியச் சதி! நீதிமன்றத்தில் நிறுத்தினார்களா? இல்லை. சாட்சி உண்டா? வழக்குமன்றம் காணவில்லை. குறுக்கு விசாரணை? கிடையாது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி, ஆபத்தானவர் என்று ஆட்சி கருதினால் போதும். ஈராண்டு சிறை; முடிந்ததும் மேலும் ஈராண்டு; அதுவும் முடிந்தால் மேலும்! இச்சட்டத்தின் பிடியில் சியா தை போ என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் 1966இல் சிறை புகுந்தார். 1989இல்தான் வெளியே வந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல்! வழக்கு? ஒரு நாளும் இல்லை!

1987இன் கைதுகள் நடந்தபோது உள்துறைக்கு அமைச்சர் யார்? அரசியல் சட்டம் கற்பித்த பேராசிரியர் ஜெயகுமார்!

கைதானோரில் பெரும்பாலோர் அவ்வாண்டு முடிவதற்குள் விடுவிக்கப்பட்டனர். 1988 ஏப்ரலில் ஒன்பது பேர் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டனர். சதி எதுவும் இல்லை, காவலில் எங்களைத் துன்புறுத்தினர் என்று அதில் கூறினர். மறுநாளே அவர்களில் எட்டுப் பேர் மீண்டும் சிறையில்! ஒன்பதாமவர் அப்போது அந்நாட்டில் இல்லை, அதனால் தப்பினார். கைதானோருக்காக வாதாட முன்வந்தார் பிரான்சிஸ் சியோ. யார் அவர்? வழக்கறிஞர் சங்கத்தின் முன்னாள் தலைவர். அது மட்டுமன்று, 1969 முதல் 1971 வரை சிங்கப்பூர் அரசின் சொலிசிட்டர் ஜெனரல்! அரசுக்காக வாதாடிய வாய், சிறைப்பட்டவருக்காகத் திறந்தது. 1988 மே திங்களில், கட்சிக்காரரைக் காணச் சிறைக்குச் சென்ற வழக்கறிஞரையே பிடித்து அங்கே வைத்துக் கொண்டார்கள். எழுபத்திரண்டு நாள் காவல்! பின்னர் நாட்டை விட்டுச் சென்றவர், 2016இல் அயல்நாட்டிலேயே கண் மூடினார்.

பாருங்கள் தோழர்களே, வரலாறு தீட்டும் வேடிக்கைச் சித்திரத்தை! அரசு வழக்கறிஞராய் இருந்தவர் கைதிகளின் பக்கம். அரசியல் சட்ட ஆசிரியராய் இருந்தவர் காவலாளிகளின் பக்கம்!

சிறையில் இருந்தோரில் நால்வர் வழக்குத் தொடுத்தனர். சங் சுவான் சே வழக்கு என்பது அதன் பெயர். 1988 டிசம்பர் 8இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் ஆணை முறைப்படி மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே விடுதலை என்றது. அத்தோடு நின்றதா? இல்லை. அமைச்சரவை ‘எமக்கு மனநிறைவு’ என்று சொல்லிவிட்டால் நீதிமன்றம் வாய் மூடிக்கொள்ள வேண்டும் என்ற பழைய கொள்கையையும் கைவிட்டது. மனநிறைவுக்குத் தக்க காரணம் உண்டா என்று நீதிமன்றம் பார்க்கலாம்; எல்லையற்ற அதிகாரம் என்பது சட்ட ஆட்சிக்கே முரண் என்று விளக்கிற்று. அந்தப் பழைய கொள்கையை 1971இல் லீ மாவ் செங் என்ற பத்திரிகை நிர்வாகியின் வழக்கில் வகுத்தவர் தலைமை நீதிபதி வீ சோங் ஜின். 1988இல் அதைக் கைவிட்ட ஆயத்துக்குத் தலைமை தாங்கியவரும் அதே வீ சோங் ஜின்! பதினேழு ஆண்டு கழித்துத் தம் கருத்தையே திருத்திக்கொள்ளும் நெஞ்சம் அந்த நீதிபதிக்கு இருந்தது.

நால்வரும் விடுதலையானார்கள். சிறைவாயிலைக் கடந்ததும் புதிய ஆணை, மீண்டும் கைது! விடுதலையின் ஆயுள் சிறைவாயில் வரைக்கும்தான்!

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் கட்டுரையின் கரு. 1989 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் இரு மசோதாக்கள் வந்தன. ஒன்று அரசியல் சட்டத்தைத் திருத்த. மற்றொன்று பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்த. அவற்றுக்காக அவையில் எழுந்து வாதாடியவர் சட்ட அமைச்சர் ஜெயகுமார். அவை சொன்னது என்ன? இச்சட்டத்தின் கீழ் நடக்கும் காவலை நீதிமன்றம் ஆராயும் முறை, 1971 ஜூலை 13ஆம் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். காமன்வெல்த்தின் வேறு எந்த நாட்டுத் தீர்ப்பும், அந்த நாளுக்கு முன்னதாயினும் பின்னதாயினும், செல்லாது. இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு இவ்வழக்குகளைக் கொண்டு செல்லும் வழியும் அடைபட்டது.

அது என்ன 1971 ஜூலை 13? லீ மாவ் செங் வழக்கின் தீர்ப்பு நாள்! நீதிபதி தாமே கைவிட்ட கருத்தை, சட்டம் பிடித்து இழுத்து வந்து அரியணை ஏற்றிற்று. கடிகாரத்தின் முள்ளைப் பிடித்து நிறுத்திவிட்டு, ‘காலம் இனி நகராது’ என்று கட்டளையிட்டது! இராகுகாலம், எமகண்டம் என்று நாழிகைக்கு நடுங்கும் நம் பஞ்சாங்கப் பண்டிதர்கள்கூட, பதினேழு ஆண்டுக் காலத்தைக் கட்டிப் போடத் துணிந்ததில்லை!

யார் துணிந்தது? சட்டம் அறியாதவரா? முரட்டுப் படைத் தலைவரா? அவர்கள் செய்திருந்தால் அறியாமை என்று அகன்றிருப்போம். செய்தவர், தீர்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்தே சட்டம் உயிர் பெறுகிறது என்பதை அறிந்தவர்; அத்தீர்ப்புகளைத் தொகுத்து மாணவர் கையில் கொடுத்தவர். அத்தொகுப்பு வந்த ஆண்டும் 1971, கடிகாரம் நின்ற ஆண்டும் 1971! எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று வீடு கட்டியவனுக்குத்தான் தெரியும். ஆகவேதான் அவன் சாத்தும்போது இடுக்குக்கூட இல்லாமல் சாத்த முடிகிறது.

சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான் பாண்டியன். விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. கோவலன் தலை உருண்டது. கொடுமைதான். ஆயினும், கையில் ஒற்றைச் சிலம்புடன் கண்ணகி வாயிலில் வந்து நின்றபோது, வாயிலோன் உள்ளே சென்று உரைத்தான்; மன்னன் அவளை வரவிடச் செய்தான்; வழக்கைக் கேட்டான்; சிலம்பு உடைந்தது; தன் தவற்றை உணர்ந்தான். முடியாட்சிக் காலத்துப் பாண்டியன் வாயிலை அடைக்கவில்லை. குடியாட்சிக் காலத்துப் பேராசிரியர், ‘சிலம்பைக் காட்ட வருவோர் வரலாம், ஆனால் அதை உடைத்துப் பார்க்கும் உரிமை அவைக்கு இல்லை’ என்று சட்டம் செய்தார்!

அவர் தரப்பு வாதம் என்ன? அதையும் கூறுவோம். நாட்டின் பாதுகாப்பை அறிந்தது ஆட்சி, நீதிபதிகள் அல்லர். எங்கோ இங்கிலாந்தில் வழங்கிய தீர்ப்பு சின்னஞ்சிறு சிங்கப்பூரின் நிலைமையைத் தீர்மானிக்கலாகாது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம், முறைப்படி நிறைவேற்றிய சட்டம் அது.

நீதிபதிகள் ஆட்சியைக் கேட்டார்களா? அமைச்சர் நாற்காலியில் அமர விரும்பினார்களா? காரணம் உண்டா என்று பார்ப்போம் என்றார்கள், அவ்வளவே. காரணம் இருக்கிறவன் காட்டத் தயங்குவானேன்? அயல்நாட்டுத் தீர்ப்பு ஆகாதாம்! விசாரணையின்றிச் சிறையிலிடும் வித்தை மட்டும் எங்கிருந்து வந்தது? மலாயாவில் அவசர நிலை அறிவித்த வெள்ளையர் 1948இல் விட்டுச் சென்ற வழக்கமன்றோ அது! விலங்கு இறக்குமதியானால் ஏற்பர். சாவி இறக்குமதியானால் மறுப்பரோ? முறைப்படி வந்த சட்டமாம்! சதி என்னும் கொடுமை 1829 வரை சட்டத்தின் தடைக்கு உட்படவில்லை. தேவதாசி முறை 1947 வரை சென்னை மாகாணத்தில் முற்றாய் ஒழியவில்லை. சட்டம் தடுக்காததெல்லாம் தருமமா? சட்டப்படி வந்ததெல்லாம் நியாயமா? அப்படி எண்ணியிருந்தால் இந்த இயக்கமே பிறந்திருக்காதே!

சிறையிலிருந்த வழக்கறிஞர் டியோ சோ லுங், அத்திருத்தத்தையே எதிர்த்து வழக்காடினார். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் சிதைக்கலாகாது என்று 1973இல் இந்திய உச்ச நீதிமன்றம் கேசவானந்த பாரதி வழக்கில் கூறியதை எடுத்துக் காட்டினர். ஏற்கப்படவில்லை. 1990 ஜூனில்தான் அவர் விடுதலையானார்.

‘அமைச்சரவையில் இருப்பவர் வேறென்ன செய்ய முடியும்?’ என்று சிலர் கேட்கக்கூடும். விடை அதே அமைச்சரவையில் இருந்தது. அதுவும் ஒரு தமிழ்ப் பெயரே தாங்கியிருந்தது! சுப்பையா தனபாலன், மூத்த அமைச்சர். 1992இல் பதவியினின்று விலகினார். அன்று காரணம் வெளியே வரவில்லை. 1987இன் கைதுகள் அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை என்பதை, முன்னாள் பிரதமர் கோ சோக் டோங் கூறியதாக 2009இல் வெளியான ஒரு நூல் தெரிவித்தது. மெல்லிய எதிர்ப்புதான், ஐந்தாண்டு தாழ்ந்து வந்த எதிர்ப்புதான். விலகிய பிறகு சிறிது காலம் மீண்டும் பொறுப்பேற்றதும் உண்மைதான். வீரத் திருவுருவாக அவரை நாம் தூக்கிச் சுமக்கவில்லை. ஆனால் நாற்காலிக்கு நான்கு கால் இருப்பது போல, அதில் அமர்ந்தவனுக்கும் எழுந்து போக இரண்டு கால் உண்டு என்பதை அவர் காட்டினார்.

‘அது அக்கரைச் செய்தி, நமக்கென்ன?’ என்கிறீர்களா?

1976 ஜனவரி 31. தமிழகத்தில் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. மிசா என்னும் வலை விரிந்தது. நம் தோழர்கள் நூற்றுக்கணக்கில் சிறை புகுந்தனர். திராவிடர் கழகத்தின் வீரமணி உள்ளிட்டோர் சென்னை மத்தியச் சிறையில் அடிபட்டனர். சென்னையின் முன்னாள் மேயர், நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு, சிறையில் பட்ட அடியின் விளைவாய் 1977 ஜனவரியில் மாண்டார். அச்சிறைக் கொடுமைகளைப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது.

அந்த இருட்டில் தில்லியில் ஒரு வழக்கு நடந்தது. சிறையிலிருப்பவன் ஆட்கொணர்வு மனுப் போடலாமா என்பது கேள்வி. அரசுக்காக வாதாடியவர் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார்: காவலன் ஒருவன் சொந்தப் பகையால் ஒருவனைக் கொன்றுவிட்டால்? அப்போதும் பரிகாரம் இல்லையா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே அரசு வழக்கறிஞரின் மறுமொழி! தம் மனச்சான்றும் அதிர்கிறது என்று வேறு சொன்னார். அதிர்ந்த மனச்சான்று அங்கியைக் கழற்றியதா? இல்லை. வாதம் தொடர்ந்தது. 1976 ஏப்ரல் 28இல் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம். கன்னா ஒருவரே மறுபக்கம். மறு ஆண்டு, தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போயிற்று. கன்னா பதவியைத் துறந்தார். அதற்கும் முன்னர், 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தவுடனே, கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை உதறி எழுந்தவர் பாலி நாரிமன். அந்த நால்வர் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் தூக்கி எறிய 2017 ஆகஸ்டு 24 வரை, நாற்பத்தோராண்டு, காத்திருக்க வேண்டியதாயிற்று. எறிந்த தீர்ப்பை எழுதியவர், நால்வருள் ஒருவரான சந்திரசூட்டின் மகன்!

அக்கரைக்கும் இக்கரைக்கும் பாடம் ஒன்றே. சிறைக் கதவைப் பூட்டுவது காவலன் கை. பூட்டியது சரி என்று முத்திரை குத்துவதோ சட்டம் கற்றவன் கை. கற்றவன் கை மறுத்தால், காவலன் கை தயங்கும். கொடுங்கோன்மைக்குத் தடி எப்போதும் கிடைக்கும். புலமைதான் எளிதில் கிடைக்காது. அதனால்தான் ஆளவந்தார்கள் புலவரைத் தேடிப் பொன்னாடை போர்த்துகிறார்கள்.

இனி, நம்மவரை நாமே கேட்டுக் கொள்வோம். வசதியான கேள்வியை மட்டும் கேட்பது வழக்கறிஞன் வேலை. வசதியற்ற கேள்வியையும் கேட்பது பகுத்தறிவாளன் கடமை. தமிழகத்தில் ஆட்சி மாறுந்தோறும் அரசு வழக்கறிஞர்கள் மாறுகிறார்கள். நம் கொடி பறக்கும்போது நம் தோழர்கள் அந்த மேசையில் அமர்கிறார்கள். இங்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம், மக்கள் ‘குண்டர் சட்டம்’ என்றழைக்கும் சட்டம், இருக்கிறது. வழக்கு முடியும் முன்னரே ஓராண்டு உள்ளே வைக்க அது வழி செய்கிறது. எந்த நிறத்துக் கொடி பறந்தாலும் அது ஓய்ந்ததில்லை. உயர் நீதிமன்றம் இத்தகைய ஆணைகள் பலவற்றைத் தள்ளுபடி செய்திருக்கிறது. அப்போதெல்லாம் எதிர் மேசையில் எழுந்து நின்று, ‘ஆணை சரியே’ என்று வாதாடியது யார்? மிசாவில் அடிபட்டவர்களின் மகனாகவும் பேரனாகவும் இருந்தால், அந்த வாதம் இனித்துவிடுமா?

சட்டம் பயிலும் இளைஞர்களே! உங்களை நம்பியே இதை எழுதுகிறோம். அரசு வழக்கறிஞர் ஆகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆகுங்கள்! பல தலைமுறையாய் நமக்கு மறுக்கப்பட்ட மேசை அது. இட ஒதுக்கீட்டைக் காக்க, ஏழையின் நிலத்தைக் காக்க, மாநில உரிமையைக் காக்க அங்கே நம்மவர் வேண்டும். ஆனால் அங்கி அணியும் அன்றே உள்ளத்தில் ஒரு கோடு கிழித்துக் கொள்ளுங்கள். ‘இவனை அவைக்குக் கொண்டுவராதே, இவன் வழக்கைக் கேட்காதே’ என்று உங்களைச் சொல்லச் சொல்லும் நாள் வரும். கேட்பது எதிரியின் ஆட்சியாக இருக்காது. நம் ஆட்சியாகவே இருக்கும். அன்று முடியாது என்று சொல்ல உங்களுக்கு நா இருக்க வேண்டும்.

நக்கீரன் கதையை நாம் நம்புவதில்லை. நெற்றியில் கண்ணும் இல்லை. அது எரிப்பதும் இல்லை. ஆயினும் அக்கதையைத் தமிழன் மறக்கவில்லையே, ஏன்? பரிசு கொடுக்கும் இடத்திலேயே நின்று, பாட்டில் பிழை என்று சொன்னவன் அவன். கதையில் வந்தவனுக்கு இருந்த துணிவு, கல்லூரியில் கற்றவனுக்கு இருக்கக் கூடாதா?

கண்டனூர் முதியவரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: “கணக்கு எழுதப் போனவர்கள் நாங்கள், தம்பி. வரவை மட்டும் எழுதிவிட்டுப் பற்றை எழுதாமல் விட்டால், அது கணக்கே இல்லை.”

அதுதான் நாமும் சொல்வது. நம்மவர் பெற்ற பதவியை வரவில் எழுதுவோம், மகிழ்ச்சியோடு! அப்பதவியால் பறிபோன உரிமையைப் பற்றில் எழுதுவோம், அஞ்சாமல்! அதன்பின் ஐந்தொகை போட்டுப் பார்ப்போம். கைதட்டுவதா கூடாதா என்பதை அது சொல்லட்டும்.